லவுடோகா சர்ச்சில் பார்க்: ஊருக்கே சொந்தமான ரக்பி மைதானம் பற்றி மதுரையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடை முடித்துவிட்டு, வெளியே டீக்கடையில் நின்று போனில் ரக்பி பார்ப்பது இரண்டு மூன்று வருடமாக என் சனிக்கிழமை வழக்கம். பக்கத்தில் டீ குடிப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "என்னண்ணே, பந்து முட்டை மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்து, "அந்த மைதானம் யாருது, கவர்மெண்ட்டா, தனியாரா" என்பது வரை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சர்ச்சில் பார்க் எங்கே இருக்கிறது? யாருக்குச் சொந்தம்?

பசிபிக் கடலில் பிஜி நாடு. அதில் விட்டி லெவு என்ற பெரிய தீவின் மேற்குக் கரையில் லவுடோகா என்று ஒரு துறைமுக ஊர். தலைநகர் சுவாவுக்கு அடுத்து நகர அந்தஸ்து பெற்றது இந்த ஊர்தான், 1977இல். 1903இல் திறந்த சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்ததால் சர்க்கரை நகரம் என்றே பெயர். சர்ச்சில் பார்க் அந்த ஊரின் மைதானம். அதன் சொந்தக்காரர் லவுடோகா நகர மன்றம், நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் மாநகராட்சி. எந்த ரக்பி கிளப்பும் அதை விலைக்கு வாங்கியதில்லை. மேட்ச் ஆட வருகிற எந்த அணியும் அங்கே விருந்தாளிதான்.

மதுரைக்காரருக்கு எங்கேயோ இருக்கிற பிஜி மைதானத்தோடு என்ன சம்பந்தம்?

இதை அதிகம் பேர் கேட்டார்கள். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

1879 முதல் 1916 வரை பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவில் இருந்து 60,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். முதல் கப்பல்கள் எல்லாம் கல்கத்தாவில் இருந்து போனவை. 1903இல் இருந்து சென்னைத் துறைமுகத்திலும் ஆள் ஏற்றினார்கள். லவுடோகா ஆலை திறந்ததும் அதே வருடம்தான் என்பதைக் கவனியுங்கள். ஆலை ஓட வேண்டுமென்றால் கரும்பு வெட்ட ஆள் வேண்டும். அப்படிப் போன நம் ஆட்கள் வெட்டிய கரும்பில்தான் அந்த மேற்குக் கரை ஊர்கள் வளர்ந்தன. 'அக்ரிமென்ட்' என்ற சொல் தோட்டத்து மக்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கும் தங்கள் வரலாற்றை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

லவுடோகாவுக்குத் தெற்கே, அரை மணி நேரப் பயணத்தில் நாண்டி என்ற ஊர் இருக்கிறது (எழுத்தில் நாடி, வாயில் நாண்டி, அவர்கள் மொழியில் 'ட' எழுத்துக்கு முன்னால் ஒரு மூக்கொலி தானாக வந்துவிடும்). அங்கே சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. கோபுரம், வண்ணச் சுதை எல்லாம் நம்ம ஊர்ப் பாணியிலேயே கட்டி 1994இல் குடமுழுக்கு நடத்தினார்கள். அங்குள்ள தென்னிந்தியர்கள் 1926இல் தொடங்கிய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இப்போதும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிஜி ஹிந்திதான், தமிழ் தேய்ந்துவிட்டது. ஆனால் முருகன் இருக்கிறார், காவடி இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்கும் பழமுதிர்சோலைக்கும் நடுவே வளர்ந்த எனக்கு அது போதும், அந்த ஊரில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே ஆடுகிற அணி எது?

ஃபிஜியன் ட்ருவா. ட்ருவா என்பது இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய பழைய பாய்மரக் கப்பலின் பெயர், அந்தத் தீவு மக்கள் கடல் கடந்தது அதில்தான். 2017இல் தொடங்கிய அணி இது. முதலில் ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தொடரில் ஆடி, 2018இல் அங்கே கோப்பையும் வாங்கியது. 2022இல் சூப்பர் ரக்பி பசிபிக் தொடரில் சேர்த்துக்கொண்டார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் பெரிய அணிகள் மோதுகிற தொடர் அது. சொந்த நாட்டில் ஆடும் மேட்சுகளைப் பெரும்பாலும் சுவாவிலும் லவுடோகாவிலும் பிரித்து ஆடுகிறது ட்ருவா.

பெண்கள் அணியையும் சொல்ல வேண்டும். ஃபிஜியானா ட்ருவா, ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ தொடரில் நுழைந்த முதல் வருடமே, 2022இல், ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்தது. 2023இலும் அவர்களே ஜெயித்தார்கள்.

சர்ச்சில் பார்க்கில் நடந்ததில் எந்த மேட்சை முதலில் பார்க்கச் சொல்வீர்கள்?

இரண்டு மேட்ச். ஆனால் ஒன்றைப் பார்த்தால்தான் இன்னொன்று புரியும்.

2022 மே 28. சூப்பர் ரக்பியில் ட்ருவாவின் முதல் வருடம். கொரோனா கட்டுப்பாட்டால் அந்த சீசனின் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவில் தங்கித்தான் ஆடினார்கள், குடும்பத்தைப் பிரிந்து. கடைசியில் ஊருக்கு வந்து, சர்ச்சில் பார்க்கில் நியூசிலாந்தின் சீஃப்ஸ் அணியோடு மோதினார்கள். 34க்கு 35. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. தோற்ற மேட்சை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அந்தக் கூட்டம் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். அந்த சீசனில் பெரும்பாலும் டிவியில் மட்டும் பார்த்த பிள்ளைகள் கண் முன்னால் ஆடுகிறார்கள், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பத்து மாதம் கழித்து, 2023 மார்ச் 11. அதே மைதானம். எதிரே குருசேடர்ஸ். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அணி, 2017இல் இருந்து ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு சூப்பர் ரக்பி கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோன அணி. மேட்ச் நேரம் முடிகிறபோது குருசேடர்ஸ் 24, ட்ருவா 22. மணி அடித்தாகிவிட்டது. ரக்பியில் மணி அடித்தாலும் பந்து ஓயும் வரை ஆட்டம் ஓயாது. ட்ருவாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மாற்று வீரராக இறங்கியிருந்த கெமு வாலெட்டினி உதைத்தார். உள்ளே போனது. 25க்கு 24.

போன வருடம் ஒரு புள்ளியில் இழந்ததை அதே புல்லில் ஒரு புள்ளியில் எடுத்தார்கள். அன்று காலையில் நான் குடித்த டீ ஆறிப்போனது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், ரக்பி பற்றி ஒன்றும் தெரியாதவர், "யாரு ஜெயிச்சா, நம்மாளா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன்.

2024 மார்ச் கடைசியில் குருசேடர்ஸ் மறுபடியும் லவுடோகா வந்தபோது 20க்கு 10, மறுபடியும் ட்ருவாதான். 2023, 2024 இரண்டு வருடமும் காலிறுதி வரை போனார்கள். இரண்டும் வெளியூர் மைதானம், இரண்டிலும் தோல்வி. சொந்த மண்ணில் ஆடும்போதும் வெளியே ஆடும்போதும் இந்த அணி இரண்டு வேறு அணி மாதிரி இருக்கும். வெயிலும் ஈரக்காற்றும் ஒரு காரணம், கூட்டம் இன்னொரு காரணம்.

நாட்டு அணி அங்கே ஆடியிருக்கிறதா?

ஆடியிருக்கிறது. 2023 ஜூலையில் பிஜிக்கும் டோங்காவுக்கும் நடந்த மேட்ச் அங்கேதான். அந்த ஜூலைக்கு அடுத்த மாதம் லண்டன் போய் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 30க்கு 22 என்று ஜெயித்தார்கள், செப்டம்பரில் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22க்கு 15. அந்த அணியில் நிறையப் பேர் ட்ருவா பிள்ளைகள். ஊர் மைதானத்தில் பெரிய அணிகளோடு மோதிப் பழகியவர்கள் அப்புறம் எங்கே போனாலும் தயங்குவதில்லை.

ரக்பி என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அமெரிக்காவில் ஆடுவார்களே, அதா?

இல்லை. அது வேறு. ரக்பியில் கெட்டியான தலைக்கவசம் கிடையாது, ஒவ்வொரு மோதலுக்கும் ஆட்டத்தை நிறுத்துவதும் கிடையாது. பக்கத்துக்கு 15 பேர், 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி. முக்கியமான சட்டம் ஒன்றுதான்: பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டுமென்றால் பந்தோடு ஓடணும், இல்லை காலால் உதைக்கணும். இது மண்டையில் ஏறிவிட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

புள்ளிகள் எப்படி?

எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்கு ட்ரை என்று பெயர், 5 புள்ளி. அதற்கு அப்புறம் கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை உதைக்க வாய்ப்பு, உள்ளே போனால் 2. பெனால்டி உதைக்கு 3, ஓடுகிற ஆட்டத்தில் பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது உதைத்து உள்ளே போட்டால் 3. ட்ரை என்ற பெயர் எப்படி வந்தது என்றால், பழைய காலத்தில் கோட்டைத் தாண்டினால் புள்ளியே கிடையாது, கம்பத்தைப் பார்த்து உதைத்து 'முயற்சி' செய்ய அனுமதி மட்டும்தான் கிடைக்கும்.

கபடி தெரிந்த ஆளுக்கு ரக்பி எளிதா?

எளிதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மதுரையைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கபடி ஆடத் தெரிந்த பத்துப் பையன்கள் கிடைப்பார்கள். ஓடி வருகிறவனின் இடுப்பையும் தொடையையும் பார்த்துப் பாய்வது, தோளைக் கொடுத்துக் கையைச் சுற்றிப் பிடிப்பது, கீழே விழும்போது உடம்பைச் சுருட்டிக்கொள்வது, இது மூன்றும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகப் பழக வேண்டியது ஒன்று: ரக்பியில் ஆளைக் கீழே தள்ளியதும் விட்டுவிட வேண்டும். விழுந்தவனும் பந்தை விட்டுவிட வேண்டும். கபடியில் பிடித்த பிடியை விடாமல் இருப்பதுதான் ஆட்டம், அதனால் முதல் சில நாள் கை கேட்காது.

ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். மாடு பிடிக்கிறவன் திமிலைத்தான் அணைக்க வேண்டும், கொம்பையோ வாலையோ தொட்டால் வெளியே போ என்பார்கள். ரக்பியிலும் அதே மாதிரி எல்லை இருக்கிறது. பந்து வைத்திருப்பவனை மட்டும் பிடிக்கலாம், தோளுக்குக் கீழே மட்டும் பிடிக்கலாம், கையைச் சுற்றாமல் வெறும் தோளால் இடிக்கக் கூடாது. கழுத்துக்கு மேலே கை போனால் பெனால்டி, ஆபத்தாக இருந்தால் மஞ்சள் அட்டை, 10 நிமிடம் வெளியே. ரொம்ப மோசம் என்றால் சிவப்பு.

அப்புறம் லைன்-அவுட் என்று ஒன்று. பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள், நடுவே பந்தை எறிவார்கள், ஒருவனைத் தொடையைப் பிடித்து இரண்டு பேர் மேலே தூக்குவார்கள். உறியடிக்கப் பையனைத் தூக்கிவிடுவது போலத்தான் இருக்கும். ஸ்க்ரம் என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவது. முன்வரிசையில் நிற்கிற மூன்று பேருக்கும் கழுத்து தேக்கு மரம் மாதிரி இருக்கும். அதைப் பழகாத ஆளை அங்கே நிறுத்தக் கூடாது, இதில் விளையாட்டு வேண்டாம்.

ஒரு நகரம் எதற்கு மைதானம் வைத்திருக்க வேண்டும்? கிளப்போ கம்பெனியோ நடத்தினால் இன்னும் நன்றாக இருக்காதா?

கிளப் வைத்திருந்தால் புல் இன்னும் பச்சையாக இருக்கலாம், நாற்காலி நன்றாக இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் கிளப்புக்குச் சொந்தமான மைதானம் அந்த ஒரு விளையாட்டுக்குத்தான் திறக்கும். சர்ச்சில் பார்க்கில் ரக்பியும் நடக்கும், கால்பந்தும் நடக்கும். லவுடோகா கால்பந்து அணிக்கும் அதுதான் வீடு. இது பிஜியில் சாதாரண விஷயம் இல்லை. அந்த நாட்டில் பூர்வகுடி மக்களின் ஆட்டம் ரக்பி, இந்திய வம்சாவளியின் ஆட்டம் கால்பந்து என்று ரொம்ப காலமாகப் பிரிந்து கிடந்தது. கால்பந்துச் சங்கத்தை 1938இல் தொடங்கியதே இந்தியர்கள்தான். சன்மார்க்க சங்கத்தின் ஈஸ்டர் மாநாட்டில் இன்றைக்கும் கால்பந்துப் போட்டி முக்கியமான நிகழ்ச்சி. 1987இலும் 2000இலும் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் நம் ஆட்கள் பல்லாயிரக்கணக்கில் நாட்டை விட்டே போனார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இரண்டு கூட்டமும் ஒரே கேட் வழியாக உள்ளே போய் ஒரே படிக்கட்டில் உட்காருகிற இடம் என்றால், அது யாருக்கும் தனியாகச் சொந்தமாக இருக்கக் கூடாது. ஊருக்குச் சொந்தமாக இருந்தால்தான் முடியும்.

இன்னொன்று, பெரிய அணியை நம் ஊருக்கு வரவழைக்க முடிகிறது. எல்லா மேட்சும் தலைநகரில்தான் என்றால் மேற்குக் கரைக்காரன் தீவைச் சுற்றி ஒரு நாள் பயணம் போக வேண்டும். நமக்கு இது தெரியாதா? கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறியிருக்கிறோம். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையைச் சென்னையோடு மதுரைக்கும் பிரித்துக் கொடுத்தபோது, இதே ரேஸ்கோர்ஸ் வளாகத்துப் புதிய ஹாக்கி மைதானத்துக்கு வெளிநாட்டு அணிகள் வந்து இறங்கின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தை அன்று பார்த்தேன். லவுடோகாவில் அந்த முகம்தான் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வருகிறது.

அங்கேயும் குறை உண்டு. 2009இல் பிஜி அரசு நகர மன்றங்களைக் கலைத்துவிட்டு நிர்வாகிகளை நியமித்தது. அதற்கு அப்புறம் பல வருடங்கள் தேர்தலே இல்லை. ஊருக்குச் சொந்தம் என்று பெயர் இருந்தும், ஊர் ஓட்டுப் போட்டு யாரையும் கேள்வி கேட்க முடியவில்லை. நமக்கும் 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் கவுன்சிலர்கள் இல்லாமல்தான் ஓடியது, நினைவிருக்கும்.

மதுரையில் மாநகராட்சிக்கு அப்படி மைதானம் இல்லையா?

தமுக்கம் இருந்தது. நாயக்கர் காலத்தில் யானைச் சண்டை பார்த்த இடம் என்பார்கள், சித்திரைப் பொருட்காட்சி நடக்கிற இடம். 2022இல் அங்கே பெரிய மாநாட்டு மையம் கட்டித் திறந்தார்கள். மாநாட்டு மையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஈடாக ஒரு திறந்த மைதானம் ஊருக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ரேஸ்கோர்ஸில் இருப்பது மாநில விளையாட்டு ஆணையத்தின் அரங்கம். அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024 ஜனவரி 24இல் திறந்த ஏறுதழுவுதல் அரங்கமும் மாநில அரசு கட்டியதுதான், 66 ஏக்கரில், மலையடிவாரத்தில், பார்க்க அழகாக இருக்கும். ஆனாலும் பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் அந்தந்த ஊர் வாடிவாசலில்தான் நடக்கின்றன. ஊர் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. அந்தப் பிடிவாதம்தான் ஒரு பொது மைதானத்துக்கும் வேண்டும்.

நானும் நண்பர்கள் ஆறு பேரும் ஒரு ரக்பி பந்தை வாங்கிக்கொண்டு நகருக்குள் ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போனோம். காவலாளி அரை மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார், அவர் வேலையை அவர் செய்தார். அடுத்த வாரம் வைகை ஆற்றுமணலில் எறிந்து பழகினோம். மணலில் விழுந்தால் வலிக்காது, அது நல்லதுதான். ஆனால் கோடு போட முடியாது.

இந்தியாவில் ரக்பி இருக்கிறதா?

இருக்கிறது, நீங்கள் நினைப்பதை விடப் பழையது. 1870களில் கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் இருந்தது. ஆள் குறைந்து கலைத்தபோது வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனுக்குக் கொடுத்தார்கள். கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியில் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. நம் ரூபாய், அவர்கள் சண்டை.

இப்போது இந்தியாவில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான் அதிகம். ஒரு பாதி 7 நிமிடம், மைதானம் அதே அளவு, அதனால் ஓட்டம்தான் எல்லாம். 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது, கோப்பை சென்னை புல்ஸுக்கு.

பிஜி அவ்வளவு பெரிய நாடா, எப்படி இவ்வளவு ஜெயிக்கிறார்கள்?

மொத்த மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் குறைவு. மதுரை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பிலேயே 30 லட்சம் பேர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் முதன்முதலாக வந்தபோது தங்கம் வாங்கினார்கள், பிஜிக்கு எந்த ஒலிம்பிக்கிலும் கிடைத்த முதல் பதக்கம் அது. அதற்காக 7 டாலர் நோட்டே அச்சடித்தார்கள். டோக்கியோவிலும் தங்கம், பாரிஸில் வெள்ளி.

மேட்ச் நம்ம நேரத்துக்கு எப்போது வரும்?

பிஜி நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால். அங்கே மதியம் 2 மணிக்கு ஆரம்பித்தால் இங்கே காலை 7.30. வீட்டில் இட்லி வேகிற நேரம். இதைவிட வசதியான விளையாட்டு வேறு இல்லை, ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை.

நேரில் போய்ப் பார்க்க ஆசை, முடியுமா?

செலவு அதிகம், ஆனால் வழி சிக்கல் இல்லை. மதுரையில் இருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பிஜி விமானம் நாண்டியில் இறங்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அவர்கள் விதி. இருந்தாலும் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள், விதிகள் மாறும். பிப்ரவரி, மார்ச் என்றால் மழையும் புயலும் இருக்கும், மே மாதம் பரவாயில்லை. எந்தத் தேதி லவுடோகா, எந்தத் தேதி சுவா என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் தீவின் எதிரெதிர்க் கரைகள். இறங்கியதும் நாண்டி முருகனைப் பார்த்துவிட்டு லவுடோகாவுக்கு பஸ் ஏறலாம்.

எங்களோடு வந்து ஆடலாமா, வயது வரம்பு உண்டா?

வாருங்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு, ஆற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில். யாரையும் கீழே தள்ளுவதில்லை, தொட்டால் அவுட் என்று வைத்து ஆடுகிறோம், அதனால் பெண்களும் 50 வயதுக்காரர்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள். பந்து எங்களிடம் இரண்டு இருக்கிறது. செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.